உப்புப் பூத்த சுவர்

ஒரு வீட்டை யாருக்காவது காட்ட வேண்டும் என்றால் சாவியக்கா ஒரு மணி நேரம் முன்னாலேயே அங்கே போய்விடுவாள். கையில் துடைப்பம், ஒரு சின்ன வாளி, நாலு பழைய துணி. மற்ற தரகர்கள் காதில் போனோடு வந்து, வாங்க வந்தவரை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு அப்போதுதான் பூட்டோடு மல்லுக்கட்டுவார்கள். சாவியக்கா அப்படி இல்லை. ஆட்கள் வரும்போது சன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும், தரை கழுவி ஈரமும் காய்ந்திருக்கும். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வாங்க வாங்க, உங்க வீடுன்னு நெனச்சுக்கிட்டே பாருங்க" என்பாள்.

அந்தப் பழக்கம் பழைய வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் அவள். கல்யாணமான புதிதில் கணவர் பேக்கரி அடுப்படியில் வேலைக்கு நின்றார். இவள் வாடகைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளைக் கழுவிக் கொடுக்கப் போனாள். அவள் கை சுத்தம் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் சாவியை அவளிடமே விட்டுவைத்தார்கள். "யாராவது கேட்டு வந்தா காட்டும்மா" என்றார்கள். காட்டினாள். வந்தவர்களுக்குப் பிடித்தது. இப்படியே ஒரு நாள் இடுப்பில் இருபத்துமூன்று சாவி தொங்கியது, ஊர் அவளுக்குச் சாவியக்கா என்று பெயர் வைத்தது. துடைக்கப் போனவள் தரகரான கதை இவ்வளவுதான்.

வீடு வாங்கப் போகிறவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். சாவியக்கா மூக்கால் பார்ப்பாள். அலமாரியின் கீழ்க்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பாள். எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, கடைசிக் குழாயில் தண்ணீர் நூலாகிறதா என்று நிற்பாள். குளியலறைக் கதவின் அடிப்பக்கம் உளுத்திருக்கிறதா என்று பெருவிரலால் குத்துவாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம், "மழை பெஞ்சா இந்த வாசல்ல தேங்குமா?" என்று ஒரு வார்த்தை போட்டு வைப்பாள். தாள் விஷயத்திலும் அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. "கையெழுத்துப் போட வேண்டியவங்க எத்தன பேரு? எல்லாரும் ஒத்துமையா இருக்காங்களா? வீடு எங்கயாவது அடமானத்துல இருக்கா? இந்த மூணும் தெரியாம முன்பணம் குடுக்காதீங்க" என்று வாங்குகிறவர்களிடம் சொல்லுவாள். இதைச் சொல்லியே ஐந்தாறு வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டவள்.

இப்படி இருக்கும்போதுதான் தரகர் எல்லாரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பத்து வருஷம் தொழில் செய்தவர்களுக்குப் படிப்புக் கட்டாயம் இல்லை, ஆனால் பரீட்சை உண்டு. நூற்றெண்பது பக்கத்தில் ஒரு புத்தகம். சாவியக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதைவிட மாடி வீட்டைத் தனியாகக் கழுவிவிடலாம் என்று நினைத்தாள்.

படித்துக் காட்டியது அவளுடைய நாத்தனார். மருந்துக்கடையில் வேலை, வாய் கொஞ்சம் நீளம், மனசு வெல்லம்.

"அண்ணி, நாலாம் பாடம். தரகர் என்பவர் இரு தரப்புக்கும்... மேல சொல்லுங்க."

"நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் அடி வாங்குறவர்."

"அப்படி எழுதுனீங்கன்னா முட்டைதான். எங்கண்ணன் பேக்கரிக்கு உதவும்."

கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டு வாரமா பேக்கரியில மட்டும்தான் அடுப்பு எரியுது. இங்க யாருக்காவது நெனப்பு இருக்கா?"

"பாஸ் பண்ணட்டும், அண்ணி உனக்கு விருந்து வைப்பாங்க."

முதல் தடவை மூன்று மார்க்கில் போயிற்று. இரண்டாம் தடவை கடவுள் கண் திறந்தார். அந்தப் புத்தகத்தின் ஏழாம் பாடம், வீட்டில் தெரிந்த குறையை வாங்குகிறவரிடமிருந்து மறைப்பது குற்றம் என்பது. அதைக் கேட்டபோது சாவியக்கா சிரித்தாள். "இதுக்கு ஒரு பாடமா? மறைக்கிறவன் இதப் படிச்சாலும் மறைப்பான்." அந்தப் பாடத்துக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மனசார நம்பினாள்.

லைசென்ஸ் வந்த மூன்றாம் மாதம் தையற்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள்.

கடைத்தெருவில் சின்னத் தையற்கடை. அதன் பின்னால் ஒற்றை அறையில் குடித்தனம். அந்த அறைச் சுவர் வருஷம் பூராவும் கசிந்தபடி இருக்கும். ஓதம் அடித்த சுவர். மூட்டையில் கட்டி வைத்த துணியெல்லாம் பூஞ்சை பிடிக்கும். மனைவிக்கு நாலு வருஷமாக மூச்சு இழுப்பு. காய்ந்த வீடாகப் பார்த்துப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷம் ஊசியும் நூலுமாகச் சேர்த்ததோடு, பாங்கியில் கடனும் சரி என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பது வீடு பார்த்தாயிற்று. ஒன்றில் நெஞ்சு அடைத்தது, ஒன்றில் விலை அடைத்தது.

"சமையலறை சின்னதா இருந்தாலும் பரவால்லக்கா" என்றாள் அந்தப் பெண். "தூரமா இருந்தாலும் நடந்துக்குவேன். சுவர் காஞ்சிருக்கணும். எனக்கு அது ஒண்ணு போதும்."

சாவியக்காவுக்கு உடனே கணக்கு வாத்தியார் வீடு ஞாபகம் வந்தது. அவர் ஓய்வுபெற்றவர். மனைவி தவறி இரண்டு வருஷம். போன மாதம்தான் சாமான்களை ஏற்றிக்கொண்டு மகன் வீட்டோடு போய்விட்டார். இரண்டு அறை, ஒரு கூடம், பின்பக்கம் ரோஜாத் தோட்டம். பின்னறையில் காலை வெயில் தரை முழுக்க விழும். தாள் எல்லாம் சுத்தம். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மூன்று மாதமாகச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் வீடு நிறையச் சாமான் இருந்தபோதுதான் உள்ளே பார்த்தது.

வியாழக்கிழமை அவர்கள் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. வழக்கம்போல் ஒன்பதுக்கே போனாள். கூடத்தைப் பெருக்கி, சமையலறையைக் கழுவி, பின்னறைக்கு வந்தாள். பெரிய மர அலமாரி நின்ற இடம் காலியாகக் கிடந்தது. அதன் பின்னால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக, மாவு தெளித்ததுபோல் ஏதோ படிந்திருந்தது. சாவியக்கா பக்திப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே துடைப்பத்தால் அதைத் தட்டினாள். ஈரத்துணியால் இரண்டு தரம் இழுத்துத் துடைத்தாள். காய்ந்த துணியால் மறுபடியும் ஒரு தரம். வாய் பாடியது, கை வேலை பார்த்தது. மனசு எங்கேயும் இல்லை. இருபது வருஷமாக அழுக்கைக் கண்டால் அவள் கை அவளைக் கேட்பதில்லை.

பத்து மணிக்கு வெயில் அறை முழுக்க நின்றது. சுவர் காய்ந்து பளிச்சென்று இருந்தது. தையற்காரர் இரண்டு கையையும் விரித்து, மெஷின் எங்கே போடலாம், வெட்டுமேசை எங்கே போடலாம் என்று அளந்துகொண்டிருந்தார். மனைவி நேரே சுவருக்குப் போனாள். உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். சும்மா அப்படியே நின்றாள்.

"காஞ்சிருக்குக்கா" என்றாள்.

திங்கட்கிழமை முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதுவது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை சாவியக்கா வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாளியின் அடியில் வியாழக்கிழமைத் துணிகள் அப்படியே கிடந்தன. ஒன்று அட்டை மாதிரி விறைத்திருந்தது. உதறினாள்; மடிப்பிலிருந்து வெள்ளையாகக் கொட்டியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

சுவருக்குள் ஈரம் ஏறும்போது உப்பையும் கூடவே தூக்கிக்கொண்டு ஏறும். ஈரம் காய்ந்துவிடும், உப்பு மட்டும் வெளியே பூத்து நிற்கும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷத்தில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள். இன்னொரு தரகர் துடைத்துவிட்டு நின்றிருந்தால், ஈர வாசனையை வைத்தே கண்டுபிடித்திருப்பாள். தன் கையே துடைத்ததை மட்டும் அவள் பார்க்கவில்லை.

"கடவுளே, நானா?" என்று ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கணவரும் நாத்தனாரும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னாள்.

"நீ வேணும்னு செய்யலயே" என்றார் கணவர். "போய்ச் சொல்லிட்டு வந்துடு. இதுக்கு ஏன் அழுகுற?"

"என்னண்ணா சட்டுனு சொல்லிட்ட?" என்றாள் நாத்தனார். "வியாபாரம் கெட்டா வாத்தியார் சும்மா இருப்பாரா? லைசென்ஸ் வந்து மூணு மாசம்கூட ஆகல. ஒரு புகார் போனா புடுங்கி வச்சுக்குவாங்க. அண்ணி, மொதல்ல போய்ப் பாருங்க. வெறும் தூசியாக்கூட இருக்கலாம்."

"தூசி கரிக்காது."

நாத்தனார் செருப்பை மாட்டினாள். "கரிச்சா சொல்லித்தான் ஆகணும். ஏழாம் பாடம் நான்தான் படிச்சுக் காட்டினேன். மேல இருக்குறவர் என்னையும் சேத்துத்தான் கேப்பாரு."

சாவியக்கா வாத்தியார் வீட்டுக்குப் போனாள். பின்னறைச் சுவரில் தரையோரமாக, மெல்லிய கோடாக, உப்பு மறுபடியும் பூக்க ஆரம்பித்திருந்தது. வாத்தியார் பின்பக்கம் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மகன் வீட்டுக்குப் போன பிறகும் அதற்காக மட்டும் தினமும் காலையில் பஸ் ஏறி வந்துவிடுவார்.

"சார், பின்னறைச் சுவர்ல ஓதம் இருக்கு."

"அதுவா? அது ரொம்ப வருஷமா இருக்கு. அதுக்குத்தான் அங்க அலமாரிய வச்சிருந்தோம்."

"வாங்குறவங்ககிட்ட சொல்லணும் சார்."

வாத்தியார் திரும்பினார். "அன்னைக்கு அவங்க பாத்தாங்களா இல்லையா?"

"பாத்தாங்க. நான் அதுக்கு முன்னால துடைச்சுட்டேன்."

"யார் துடைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் ஏன் இங்க வந்து நிக்கிற? நான் எதையும் மறைக்கல. அவங்க கேக்கல, நான் சொல்லல. எந்த வீட்ல ஓதம் இல்ல? திங்கட்கிழமை கையெழுத்து ஆகட்டும், அவங்க சுண்ணாம்பு அடிச்சுக்குவாங்க."

"அந்தப் பொண்ணுக்கு மூச்சு இழுப்பு சார். காஞ்ச சுவர் வேணும்னுதான் வீடே வாங்குறாங்க."

வாத்தியாரின் முகம் ஒரு நிமிஷம் மாறியது. பிறகு இறுகியது. "இந்தாம்மா, விக்கிறேன்னு சாவிய வாங்கிக்கிட்டு வீட்டப் பத்தி வெளிய தாறுமாறா பேசினீன்னா நான் லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதிப் போட வேண்டியிருக்கும். எனக்கு அழகாவே எழுத வரும்."

தெருமுனையில் சாவியக்கா நின்றாள். வியாபாரம் நிலைக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை. லைசென்ஸுக்காகவும் கேட்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லுகிற வாயைக் கொடு என்று மட்டும் கேட்டாள். பெரிய வேண்டுதலெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. கையில் இருக்கும் வேலைக்கு என்ன தேவையோ அதைக் கேட்பாள்.

தையற்கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சாவியக்கா நின்றபடியே சொன்னாள். உப்பு இருந்தது, நான் துடைத்துவிட்டேன், அதனால் உங்கள் கைக்குத் தெரியவில்லை, சுவர் காய்ந்த சுவர் இல்லை. நாலே வாக்கியம். மெஷின் நின்றது.

"ஒன்பது வீடு பாத்தோம்க்கா" என்றார் தையற்காரர். குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. "ஒன்பது வீட்லயும் நாங்களே தடவித் தடவிப் பாத்தோம். இந்த ஒரு வீட்லதான் நீங்க இருக்கீங்கன்னு ஒரு தடவ தொட்டதோட தைரியமா இருந்தோம்."

சாவியக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மனைவி கையிலிருந்த பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள். "உங்களுக்கு எப்ப தெரிஞ்சுதுக்கா?"

"இன்னைக்குக் காலைல. எட்டு மணிக்கு."

"இப்ப மணி பதினொண்ணு." அவள் கணவரைப் பார்த்தாள். "மூணு மணி நேரத்துல வந்துட்டாங்க. நம்ம இப்ப இருக்குற அறைக்காரர் நாலு வருஷமா சொல்லல."

"அதுக்காக ஈரச் சுவர வாங்க முடியுமா?"

"வாங்கலாம்னு யார் சொன்னா? தண்ணி எங்கேர்ந்து வருது? அது தெரிஞ்சுதா அக்கா?"

"தெரியலம்மா."

"ஒரு சட்ட கிழிஞ்சு வந்தா உடனே தூக்கியா போடுறோம்? துணி நைஞ்சிருக்கா, தையல் மட்டும் பிரிஞ்சிருக்கான்னு பாப்போம்ல. துணி நைஞ்சிருந்தா வேண்டாம்னுடலாம். மொதல்ல பாத்துட்டு வருவோம்."

மறுநாள் சாவியக்கா தனக்குப் பழக்கமான கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனாள். கணவன் மனைவி இரண்டு பேரும் வந்தார்கள். வாத்தியாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்; ஒளித்து மறைத்து இனிமேல் எதுவும் வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு. அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

கொத்தனார் சுவரைத் தட்டினார், காதை வைத்தார். மேற்கூரையைப் பார்த்தார், கறை இல்லை. குளியலறைக் குழாய்களை ஒவ்வொன்றாக மூடித் திறந்தார்; ஒழுக்கு இல்லை. பிறகு வெளியே போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு, "அட" என்று குந்தி உட்கார்ந்துவிட்டார்.

ரோஜாப் பாத்தி சுவரை ஒட்டியே இருந்தது. சாதாரணப் பாத்தி இல்லை, இடுப்புக்குக் கொஞ்சம் கீழ்வரை மண் உயர்ந்திருந்தது. வீட்டுத் தரைமட்டத்தைவிட இரண்டடி மேலே. கொத்தனார் சுவரோரமாகக் கையை விட்டு ஒரு முழம் தோண்டினார். செங்கல் கறுத்து, தொட்டால் தண்ணீர் ஒட்டியது.

"கசிவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "செடிக்கு ஊத்துறதா நெனச்சு, தினமும் சுவருக்குத் தண்ணி ஊத்தியிருக்காங்க."

"அது நான்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வாத்தியார் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

வாத்தியார் வாளியைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி" என்றார். "குனிய முடியாது. ரோஜாவையும் விட முடியாது. நின்ன வாக்குல களை எடுக்கட்டும்னு நான்தான் கூடை கூடையா மண்ணக் கொட்டி மேல ஏத்தினேன். ஓதம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. ரெண்டையும் சேத்து நான் யோசிக்கவே இல்ல."

"நாப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவருக்கு இந்தக் கூட்டல் வரலயே சார்" என்று கொத்தனார் வாயை விட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை.

மண்ணை எடுத்தால் போதும் என்றார் கொத்தனார். பாத்தியை முழுக்க எடுத்துவிட்டு, உள்ளே பூச்சை முழங்கால் உயரத்துக்குக் கொத்தி, சுவரை மூச்சு விட விட வேண்டும். இரண்டு மாதமாவது. துணி நையவில்லை, தையல்தான் பிரிந்திருக்கிறது.

"மண்ண எடுத்தா செடி?" என்றார் வாத்தியார். அது ஒன்றைத்தான் அவர் கேட்டார்.

தையற்காரர் மனைவி வேலி ஓரத்தைக் கையால் காட்டினாள். "அங்க வெயிலும் இருக்கு, சுவரும் பக்கத்துல இல்ல. செடி எங்களுக்கும் வேணும் சார். நீங்க வந்து தண்ணி ஊத்தினாலும் நாங்க வேண்டாம்னு சொல்ல மாட்டோம். சுவருக்கு மட்டும் ஊத்தாதீங்க."

வாத்தியார் சட்டைக் கையை மடித்தார். மண்வெட்டியைக் கொத்தனாரிடமிருந்து வாங்கி முதல் செடியைத் தானே வேரோடு எடுத்தார். பாதி வேலையில் சாவியக்கா பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "இந்தாம்மா, நேத்து ஆபீசுக்கு எழுதலாம்னு தாள் எடுத்து உக்காந்தேன். 'இந்தத் தரகர் உண்மையைச் சொல்லிவிட்டார்'னுதான் எழுத வேண்டியிருந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்."

அன்று மாலையே சாவியக்கா வீட்டில் உட்கார்ந்து தாளில் எழுதினாள். மண் எடுத்தாயிற்று என்பதும், சுவர் காயும்வரை பூசக் கூடாது என்பதும், நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகு எல்லாரும் சேர்ந்து பார்த்துத்தான் பத்திரம் என்பதும், ஈரம் இருந்தால் முன்பணம் முழுக்கத் திருப்பித் தர வேண்டும், அதுவரை வாத்தியார் வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பதும். வீடு வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். வீட்டில் குறை இருந்தால் உடனே ஓட வேண்டியதும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வாங்க வேண்டியதும் இல்லை. குறை சரியான பிறகு வாங்குகிறேன் என்று எழுதி வாங்கலாம். ஆனால் எழுதித்தான் வாங்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். நாத்தனார் தாளைப் படித்துவிட்டு, "அண்ணி, பரீட்சையில இப்படி எழுதியிருந்தா மொதல் தடவையே பாஸ் ஆகியிருப்பீங்க" என்றாள். திங்கட்கிழமை முன்பணம் கைமாறி, இரண்டு தரப்பும் அதில் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த இரண்டு மாதமும் சாவியக்கா வாரம் ஒரு தரம் போய்ப் பார்த்தாள். பூச்சுக் கொத்திய சுவர் செங்கல் தெரிய நின்றது. கூரை மூலையில் ஒரு சிலந்தி குடிவந்து, நூலாம்படை நாளுக்கு நாள் பெரிதாயிற்று. ஒரு நாள் கூட வந்த தையற்காரர், "அதையாவது எடுத்துடலாமேக்கா" என்றார்.

"மாட்டேன்பா. இந்த அறைல இனிமே நான் எதையும் எடுக்கப் போறதில்ல."

"சிலந்தி வாடகை தருதா?"

"உங்க வீட்டுக்காரம்மா வந்து வசூல் பண்ணிக்கட்டும்."

மற்ற வீடுகளிலும் அவள் பழக்கத்தை மாற்றிக்கொண்டாள். ஆட்களை முதலில் அழுக்கோடு உள்ளே கூட்டிப்போவாள். "இப்படியே ஒரு தடவ பாத்துடுங்க. அப்புறம் கழுவிக் காட்டுறேன்" என்பாள். சிலர் மூக்கைச் சுளிப்பார்கள், சிலர் இவள் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். போனால் போகட்டும். கை பரபரக்கும்போது முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒன்பதாவது வாரம் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் வெயில் எட்டிப் பார்த்ததும் எல்லாரும் வீட்டில் கூடினார்கள். கொத்தனார் சுவரைத் தட்டி, செங்கல்லுக்கு நடுவில் ஆணியால் சுரண்டிப் பார்த்தார். தூளாக உதிர்ந்தது. "காஞ்சாச்சு. இனி தைரியமாப் பூசலாம்" என்று சொல்லி அடுத்த வேலைக்குக் கிளம்பினார். வாத்தியார் பத்திரத்துக்கு வேண்டிய தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

ஆனால் தையற்காரர் மனைவி இந்தத் தடவை சுவரில் கை வைக்கவில்லை. கக்கத்தில் ஒரு பாயைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"கைய நம்பி ஒரு தடவ ஏமாந்துட்டேன்" என்றாள். "நெஞ்சுதான் சொல்லணும். சன்னலச் சாத்திடுங்க."

சுவரை ஒட்டிப் பாயை விரித்து, சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். கதவை ஒருச்சாய்த்துவிட்டு மற்ற மூன்று பேரும் கூடத்துக்கு வந்தார்கள். உட்கார நாற்காலி இல்லை, தரையில் உட்கார்ந்தார்கள். தையற்காரரின் சட்டைப்பையில் அவள் உறிஞ்சும் மருந்து இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவியக்காவின் உதடு ஓசையில்லாமல் அசைந்தது. நல்ல வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூட அவள் வேண்டவில்லை. எது உண்மையோ அது தெரியட்டும் என்றுதான் வேண்டினாள்.

அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளேயிருந்து இருமல் வரவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. அது வேறு பயமாக இருந்தது தையற்காரருக்கு. எழுந்து, விரல் நுனியில் நடந்து போய், கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னாச்சு?" என்றாள் சாவியக்கா, பாதி எழுந்தபடி.

அவர் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார். "அந்தக் கடையறைல சுவர்ல சாஞ்சு உக்காந்துதான் தூங்குவா. படுத்தா இழுத்துக்கும். வாயத் தெறந்து தெறந்து காத்த இழுப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க நீட்டிப் படுத்து, வாய மூடிக்கிட்டுத் தூங்குறாக்கா."

வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லதுப்பா. ஆனா பத்திர ஆபீஸ் நாலு மணிக்கு மூடிடுவாங்க. இப்பக் கெளம்பினாத்தான்..."

"மூடட்டும் சார்" என்றார் தையற்காரர், கதவுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு. "நாளைக்கும் தெறப்பாங்க."